ஒரு நகரம், ஓர் உறுப்பினர்: மறைந்துபோன சென்னைத் தொகுதி



இப்போது வரைபடத்தில் இல்லாத ஒரு தொகுதியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை என்று மூன்று மக்களவைத் தொகுதிகளில் நாம் வாழ்கிறோம். 1957-க்கு முன்பு இந்தப் பிரிவினை கிடையாது. வெள்ளையர் ஆட்சியில் டெல்லியில் இருந்த மத்தியச் சட்டசபையில் 'சென்னை நகரம்' என்று ஒரு தொகுதி இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1952-இல் கூடிய முதல் மக்களவையிலும் 'சென்னை' என்ற பெயரில் ஒரே தொகுதிதான். இராயபுரமும் பெரம்பூரும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் ஒரே உறுப்பினரை அனுப்பின. அந்த இடத்தில் அமர்ந்தவர்களின் பட்டியலைப் படித்தால் நம் நகரத்தின் பெரிய பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பெயர்களைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வாக்காளர் பட்டியல். ஒரு தொகுதியின் வரலாறு என்பது வென்றவர்களின் வரலாறு மட்டுமன்று. யார் உள்ளே விடப்பட்டார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதன் வரலாறு. இந்த உரை முழுவதும் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இத்தொகுதியின் தாய். மத்தியச் சட்டசபையில் 145 இடங்கள். அவற்றில் 104 தேர்தலுக்கு உரியவை. முதல் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தது. அச்சபையின் நடவடிக்கைக் குறிப்புகளில் ஒவ்வோர் உறுப்பினர் பெயருக்குப் பின்னும் அவருடைய தொகுதி அச்சிடப்பட்டிருக்கும். நம் உறுப்பினருக்கு எதிரே, 'சென்னை நகரம்: முகமதியர் அல்லாதார், நகர்ப்புறம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த ஒரு வரியிலேயே அன்றைய அரசியல் முழுதும் அடங்கியிருக்கிறது. தனித்தொகுதி முறை நடைமுறையில் இருந்ததால், திருவல்லிக்கேணியிலோ இராயப்பேட்டையிலோ ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வசித்த இந்துவும் முஸ்லிமும் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்க முடியாது. ஐரோப்பியர்களுக்குத் தனி இடம், நிலச்சுவான்தார்களுக்குத் தனி இடம், வணிகர்களுக்குத் தனி இடம். ஒரே நகரத்து மக்கள் சட்டத்தின் கண்ணில் ஒரே வாக்காளர் கூட்டமாக இல்லை.

மதம் முதல் வேலி என்றால், சொத்து இரண்டாவது வேலி. வீட்டு வரியோ வருமான வரியோ குறிப்பிட்ட அளவுக்குக் கட்டுகிறவருக்கே வாக்கு. மாகாணச் சட்டசபைக்கு வாக்களிக்கத் தேவைப்பட்ட தகுதியைவிட மத்தியச் சட்டசபைக்கான தகுதி உயர்ந்தது. 1921 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களில் டெல்லிக்கு ஆள் அனுப்பும் உரிமை பெற்றவர்கள் சிறு கூட்டம்; வக்கீல்கள், வணிகர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள், மேல்நிலை உத்தியோகஸ்தர்கள். மயிலாப்பூர் லஸ் பகுதியின் பெரிய தோட்டவீடுகளில் இருந்தவர்களுக்கு வாக்கு உண்டு. அந்த வீடுகளில் சமைத்தவர்களுக்கும் குதிரை பார்த்தவர்களுக்கும் கிடையாது. மீனவர் குப்பங்கள் நொச்சிக்குப்பத்திலிருந்து ஊரூர் வரை கடலோரமெங்கும் இருந்தன. அந்த மக்கள் அந்தத் தேர்தல்களை வெளியே நின்றுதான் பார்த்தார்கள்.

மூன்றாவது வேலி பெண் என்பது. இதை உடைக்கும் வேலை நமக்குப் பக்கத்திலேயே தொடங்கியது என்பதைப் பெருமையுடன் சொல்ல வேண்டும். 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் அதன் முன்னோடிகள். அதே ஆண்டு டிசம்பரில் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழுவாகச் சென்று வாக்குரிமை கேட்டார்கள். சீர்திருத்தச் சட்டம் அதை நேரடியாகத் தரவில்லை. மாகாணங்களின் முடிவுக்கு விட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சொத்துத் தகுதி அப்படியே நின்றதால் உள்ளே வர முடிந்த பெண்கள் சிலர்தாம். ஆனாலும் கதவு திறந்தது. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் அமர்ந்து அதன் துணைத்தலைவரானார். பின்னாளில் அவர் நடத்திய அவ்வை இல்லமும் அவர் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் அடையாற்றின் அடையாளங்களாகவே ஆகிவிட்டன.

காந்தியடிகளின் ஒத்துழையாமை அறிவிப்பால் 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நகரத்தின் முதல் உறுப்பினராகச் சென்றவர் வக்கீல் திவான் பகதூர் தி. ரங்காச்சாரியார். மிதவாதி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடத் தக்கவர் அல்லர். 1924 பிப்ரவரியில் இந்தியாவுக்கு முழுப் பொறுப்பாட்சி வழங்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்கு மோதிலால் நேரு முன்மொழிந்த திருத்தம்தான் வட்டமேசை மாநாடு வேண்டும் என்ற கோரிக்கை. அரசு எதிர்த்தும் சபை அதை நிறைவேற்றியது. பின்னாளில் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளைப் பற்றிப் படிக்கும்போது, அந்தக் கோரிக்கை சபையில் எழக் காரணமாயிருந்தது சென்னை நகர உறுப்பினரின் தீர்மானம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1927-இல் அமைந்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்கும் அவரே தலைவர். பேரரசின் படங்களுக்குச் சலுகை கொடுக்க வேண்டும் என்ற ஆங்கிலேயர் எதிர்பார்ப்பை அந்தக் குழு ஏற்கவில்லை. பிற்காலத்தில் சினிமாவின் தலைநகரான ஊருக்குப் பொருத்தமான முதல் பிரதிநிதி அவர்.

1926-இல் எஸ். சீனிவாச அய்யங்கார் வந்தார். சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்து, பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தவர். லஸ்ஸில் அவர் வாழ்ந்த அம்ஜத் பாக் பல இளைஞர்களின் அரசியல் பள்ளி. அதே ஆண்டு கௌஹாத்தி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அவருக்குப் பின், காங்கிரஸ் மறுபடி ஒதுங்கிய காலத்தில், நீதிக்கட்சியின் ஆற்காடு இராமசாமி முதலியார் அந்த இடத்துக்கு வந்தார். 'ஜஸ்டிஸ்' இதழின் ஆசிரியர், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர், நாவன்மை மிக்கவர்.

இங்கே சற்று நிற்கிறேன். இந்தத் தொகுதி பிறந்த 1920-இல் தியாகராய நகர் என்ற ஊரே இல்லை. அங்கே மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் ஏரியைத் தூர்த்து நகரம் எழுப்பினார்கள். புதிய தெருக்களுக்கு யார் பெயரை வைத்தார்கள்? பிட்டி தியாகராய செட்டியார் பெயரில் ஊர். பனகல் அரசர் பெயரில் பூங்கா. டாக்டர் நாயர், நடேசனார், ஜி. நாராயணசாமி செட்டியார், முகமது உஸ்மான் பெயர்களில் வீதிகள். நீதிக்கட்சியின் வரலாற்றையே தெருப்பலகைகளில் எழுதி வைத்தது போன்ற ஊர் அது. கிழக்கே மயிலாப்பூர் வக்கீல்களின் காங்கிரஸ். மேற்கே, ஏரித் தரையில், பிராமணரல்லாதார் இயக்கத்தின் நினைவுச் சின்னங்கள். இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதிய களம் 1934.

1934 நவம்பர் தேர்தலில் இராமசாமி முதலியாரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் எஸ். சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமைத் திருமயத்துக்காரர். திருவல்லிக்கேணியில் வளர்ந்த அரசியல்வாதி. நாடக மேடையில் நடித்தவர். இசைக்காகவும் கலைஞர்களுக்காகவும் வாதாடியவர். இரண்டு பேரும் பேச்சில் சளைக்காதவர்கள். ஆனால் சத்தியமூர்த்தியிடம் ஒரு கூடுதல் வலிமை இருந்தது. கடற்கரையில் திலகர் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் தமிழில் பேசத் தெரிந்தவர் அவர். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு வாக்கு கிடையாது. இருந்தும் அவர் அவர்களிடமும் பேசினார். வாக்கில்லாதவர்களின் ஆரவாரம் வாக்குள்ளவர்களின் காதில் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வென்றார். அதே தேர்தலில் சபைத்தலைவர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் தென்னிந்திய வணிகர் தொகுதியில் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். 1937 மாகாணத் தேர்தலில் 'மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு' என்று கே.பி. சுந்தராம்பாளைப் பாட வைத்த காங்கிரசின் பெருவெற்றிக்கு முன்னோட்டம் இதுவே என்பது என் கணிப்பு. இராமசாமி முதலியாரின் வாழ்வும் அத்தோல்வியோடு முடிந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவராக 1946-இல் உயர்ந்தார். ஒரே நகரம், ஒரே தேர்தலில், இப்படி இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

டெல்லியில் சத்தியமூர்த்தி காங்கிரஸ் கட்சியின் துணைத்தலைவர். கேள்வி நேரத்தில் அவர் அடுக்கும் துணைக்கேள்விகளுக்கு அதிகாரிகள் முன்கூட்டியே தயாராகி வருவார்களாம். அதே மனிதர் 1939-இல் சென்னை மேயரானபோது குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1940-இல் அடிக்கல்; 1944-இல் திறப்பு. அதைப் பார்க்க அவர் இல்லை. 1942 போராட்டத்தில் சிறைப்பட்டு உடல் நலிந்து, 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் மறைந்தார். சத்தியமூர்த்தி சாகர் என்று அந்த ஏரிக்குப் பெயர். நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் நகரத்தின் தண்ணீரைத் தன் வேலையாக நினைத்தார் என்பதைக் கோடைதோறும் நாம் நினைக்கலாம்.

இத்தனை புகழ்பெற்ற 1934 தேர்தலில் இந்தியா முழுவதற்கும் மத்தியச் சட்டசபைக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் சுமார் 14 லட்சம் பேர். 1951 கணக்கெடுப்பின்படி சென்னை நகரத்தின் மக்கள்தொகை மட்டுமே 14 லட்சத்துக்குச் சற்று மேல். நாடு முழுவதிலும் அன்று வாக்குரிமை பெற்றிருந்தவர்களும், பதினேழு ஆண்டுகள் கழித்து இந்த ஒரு நகரத்தில் வாழ்ந்தவர்களும் எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம். நாடு எங்கிருந்து எங்கே வந்தது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

அந்தப் பாய்ச்சலைச் செய்தது அரசியலமைப்பின் 326-ஆம் விதி. இருபத்தொரு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு. சொத்து, படிப்பு, பால், சாதி, மதம் எதுவும் தடையில்லை. தனித்தொகுதி வேலியும் போயிற்று. 1952-இல் சென்னைத் தொகுதியில் நின்று வென்றவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் பின்னர் சேர்க்கப்பட்டவர் அவர். குழுவின் மற்ற உறுப்பினர்கள் பல காரணங்களால் விலகி நிற்க, சுமை முழுதும் டாக்டர் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்பதை 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே எடுத்துச் சொன்னவர். அனைவருக்கும் வாக்குரிமை தந்த ஆவணத்தில் கை வைத்த ஒருவரே, அந்த உரிமையோடு நம் நகரம் நடத்திய முதல் தேர்தலில் வென்றார் என்பது நல்ல பொருத்தம். வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்திருந்த காலம் அது. காங்கிரசின் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். 1920-இல் வெளியே நின்ற குப்பத்து மக்களும் சமையற்காரரும் 1952-இல் அதே வரிசையில் முதலாளிக்குப் பின்னாலோ முன்னாலோ நின்றார்கள். மாநிலத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்த தேர்தல் அது. 375 இடங்களில் 152 மட்டுமே. சென்னையின் நாடாளுமன்ற இடம் அதன் கையில் நின்றது. வென்றவர் நேருவின் அமைச்சரவையில் வணிகத் தொழில் அமைச்சரானார், 1956-இல் நிதியமைச்சர். இடையே 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது, இந்தத் தொகுதி எந்த மாநிலத்துக்கு உரியது என்பதே கேள்வியாயிற்று. தெலுங்கர் தலைவர்கள் சென்னையைக் கேட்டார்கள், ம.பொ.சி. போன்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். ஆந்திரம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிறந்தது. நகரம் நம்மிடம் இருந்தது.

1957-இல் அந்த ஒற்றைத் தொகுதி முடிந்தது. சென்னை வடக்கு, சென்னை தெற்கு என்று இரண்டானது. முடிவு உடனே தெரிந்தது. தெற்கு மீண்டும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியைத் தேர்ந்தெடுத்தது. வடக்கு, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை அனுப்பியது. இலங்கையில் பிறந்து, இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்து, இங்கே தொழிற்சங்கம் கட்டிச் சிறை சென்றவர் அவர். ஒரே தொகுதியாக இருந்த வரை பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் குரல் மயிலாப்பூரின் குரலுக்குள் அமிழ்ந்திருந்தது. பிரித்ததும் அது தனியே கேட்டது. 'அந்தக் காலத்தில் நகரத்துக்கு ஒரே மனிதர், எவ்வளவு பெரிய மனிதர்கள்!' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெருமூச்சில் நான் சேர மாட்டேன். பெரிய மனிதர்கள் உண்மைதான். ஆனால் நகரம் ஒரே குரலில் பேசியது போலத் தோன்றியதற்குக் காரணம், பாதி நகரத்துக்குப் பேச இடமில்லாததுதான். பிரித்தது நியாயம்.

அதன் பிறகான தென் சென்னையின் கதை உங்களில் பலருக்கு வாழ்ந்தறிந்த கதை. அதனால் வேகமாகச் செல்கிறேன். முந்த்ரா விவகாரத்தில் 1958-இல் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகிய டி.டி.கே., 1962-இல் திருச்செந்தூருக்குச் சென்று போட்டியின்றி வென்றார். அவர் விட்ட இடத்தில் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் வந்தார். வக்கீல்களின் தொகுதி என்று பெயரெடுத்த இடம் பத்து ஆண்டு வயதுவந்தோர் வாக்குரிமையில் கைமாறிவிட்டது. 1967-இல் அறிஞர் அண்ணாவே இங்கு நின்று வென்றார். முதலமைச்சரானதால் இடத்தைத் துறந்தார். இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். 1977-இல் மத்திய சென்னை தனியாகப் பிறந்தது. அங்கிருந்து முதலில் சென்ற பா. ராமச்சந்திரன் மொரார்ஜி அமைச்சரவையில் எரிசக்தித் துறையை ஏற்றார். தெற்கில் அந்த ஆண்டும் 1980-இலும் ஆர். வெங்கட்ராமன். கிண்டித் தொழிற்பேட்டைக்கு மாநிலத் தொழில் அமைச்சராக வழிவகுத்தவர், அதே வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகி, நிதியமைச்சராகி, பின்னர் குடியரசுத் தலைவரும் ஆனார். 1984-இல் வைஜயந்திமாலா பாலி, நாடாளுமன்றத்தில் பெயர்பெற்ற இரா. செழியனை வென்றார். செழியன் தோற்றதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அடையாற்றுப் பெண்கள் மாண்டேகுவிடம் வாக்குக் கேட்டுச் சென்ற 67 ஆண்டுகளுக்குப் பிறகு, அடையாற்றை உள்ளடக்கிய தொகுதி ஒரு பெண்ணை டெல்லிக்கு அனுப்பியது என்ற வகையில் அந்தத் தேர்தலுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1989-இல் அவர் மீண்டும் வென்றபோது பதினெட்டு வயதினர் முதல் முறையாக மக்களவைக்கு வாக்களித்தார்கள். 2008 மறுவரையறையில் வேளச்சேரி, விருகம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்ற புதிய சட்டமன்றத் தொகுதிகள் தெற்கோடு சேர்ந்தன. மயிலாப்பூர் கோயில் குளமும் பள்ளிக்கரணைச் சதுப்பும் இன்று ஒரே உறுப்பினரிடம் முறையிட வேண்டும். தமிழச்சி தங்கபாண்டியன் 2019-இலும் 2024-இலும் அந்த இடத்துக்குத் தேர்வானார்.

மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 மக்கள்தொகையோடு உறைந்து நிற்கிறது. அந்த உறைநிலை 2026-க்குப் பிறகான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும்தான் என்பதால், தமிழகம் எத்தனை இடங்களை இழக்கும் என்று நாம் கவலையோடு விவாதிக்கிறோம். நியாயமான கவலை, நானும் அதில் பங்குகொள்கிறேன். ஆனால் கையில் இருக்கும் இடத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் வாக்குப்பதிவு ஏறக்குறைய 70 விழுக்காடு. தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் சுமார் 54 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி இடங்கள் இவை. இடம் பெயர்ந்தவர்களின் பெயர்களும் இரட்டைப் பதிவுகளும் பட்டியலில் இருப்பது இதற்கு ஒரு காரணம் என்பது சரியே. அதைக் கழித்தாலும் மீதி நம்முடையது. வடக்கே, தொழிலாளர் பகுதிகளில், வாக்குப்பதிவு இதைவிட அதிகம். 1920-இல் வாக்குரிமையை முதலில் பெற்ற தெருக்கள்தாம் இன்று அதைக் குறைவாகப் பயன்படுத்துகின்றன. இது வெட்கப்பட வேண்டிய செய்தி என்று இந்த மேடையிலிருந்தே சொல்கிறேன்.

இந்த அரங்கில் இருப்பவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். பழைய வாக்காளர் பட்டியல்களும் துண்டறிக்கைகளும் வாக்குச்சாவடிச் சீட்டுகளும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். எழும்பூர் ஆவணக்காப்பகத்திடமோ ஒரு நூலகத்திடமோ ஒப்படையுங்கள். வென்றவர்களின் பெயர்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. வாக்களித்தவர்களின் பெயர்கள் அந்தத் தாள்களில் மட்டுமே உண்டு. அடுத்தது, வீடு மாறியிருந்தால் இந்த வாரமே பட்டியலில் பெயரை மாற்றுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாக்குப்பதிவு நாளில் அவருக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுங்கள். நீங்களும் சென்று வாக்களியுங்கள்.